அப்பாவுக்கு எல்லோரையும் தெரிகிறது

ஜூன் 3, 2025

கூரியர் கொண்டுவந்த பையனின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்த அப்பா, "போலீஸ் காலனிக்குள்ள சுத்துது, இருட்டுற வரைக்கும் இங்கேயே இரு" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டுவிட்டார். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலைப் பணிமனைத் தோழர்கள் வீடு மாறி வீடு ஒளிந்திருந்ததை அவர் முன்பெல்லாம் கதையாகச் சொல்வார். இப்போது அது கதையாக இல்லை. இருபத்தைந்து வயதுகூட ஆகாத அந்தப் பையன், பொறுமையாகத் தண்ணீர் வாங்கிக் குடித்து, "போயிட்டு வரேன் தாத்தா" என்று சொல்லிக் கிளம்பினான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூன் 4

இன்று யாரும் வரவில்லை.

ஜூன் 7

மருத்துவர் நிதானமாக விளக்கினார். ஒரு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தவர் என்ற உணர்வு எழுவதும், அவர் யார், எங்கே பழகினோம் என்பது நினைவுக்கு வருவதும் மூளையில் தனித்தனி வேலைகளாம். அப்பாவுக்கு அந்த உணர்வு முன்பின் பார்த்திராதவர்களிடமும் எழுந்துவிடுகிறது. யார் என்ற விடை வராததால், மனத்தில் மிஞ்சியிருக்கும் பழைய பெயர்களில் ஒன்றை அந்த முகத்துக்குச் சூட்டிவிடுகிறார். சொந்த மனைவியையே வேடமிட்டு வந்த வேற்றாள் என்று மறுக்கும் காப்கிரா நிலையைப் பிரான்சில் 1923-இலும், பலராகத் தெரிபவர் எல்லாம் மாறுவேடத்தில் வரும் ஒரே ஆள் என்று நம்பும் ஃபிரெகோலி நிலையை 1927-இலும் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் சந்தேகமும் அச்சமும் இருக்கும். அப்பாவிடம் இருப்பது முழுக்கப் பாசம்.

அச்சமோ ஆவேசமோ இல்லாதவரை மனநோய் மாத்திரைகள் வேண்டாம், டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அவற்றால் பக்கவாத ஆபத்து கூடும் என்றார். மறுத்துப் பேசக் கூடாது. அவர் சொல்லும் ஆளைப் பற்றியே கேட்டுப் பேச்சை வளர்க்க வேண்டும். குழப்பம் திடீரென்று அதிகமானால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 8

நேற்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் மனத்தை அரிக்கிறது. சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்து மலர்ந்த அதே முகம்தான் காலையில் காபியோடு நான் போகும்போதும் மலர்கிறது. முன்பின் தெரியாதவரிடமும் அந்த உணர்வு தானாகக் கிளம்புகிறது என்றால், என்னிடம் எழுவது என்ன? மகள் என்று தெரிந்து சிரிக்கிறாரா, அல்லது எதிரே ஒரு முகம் இருப்பதால் சிரிக்கிறாரா? மருத்துவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணனிடம் கேட்டேன், "சிரிக்கிறார் இல்லையா, அது போதும்" என்றான். பெங்களூரில் இருப்பவனுக்கு அது போதும்.

ஜூன் 11

தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணுக்குக் காபி கொடுக்கச் சொல்லி மூன்றாம் முறையாகக் கேட்கிறார்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம் என்று அத்தை சொன்னதுண்டு. ஆனால் கீரைக் கட்டைத் தொட்டுப் பார்த்து விலை கேட்பதில் அவருக்கு இருக்கும் மகிழ்ச்சியை எதற்காகப் பறிக்க வேண்டும்? நான் வெங்காயத்துக்குச் சில்லறை வாங்குவதற்குள் அவர் ஒருவரின் தோளைத் தட்டி, சட்டைப் பையிலிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்து, "சங்கத்துல சந்தா கட்டிடு" என்று அவர் பையில் செருகிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தாளைப் பிரித்து என்னிடம் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் போல இருக்கமாட்டார்கள். அறிமுகமில்லாதவரிடம் எச்சரிக்கையாக இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அது அப்பாவிடமிருந்து போன பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

ஜூன் 19

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன யாரோ ஒருவனை "மாப்ளே" என்று அழைத்து, ஓய்வூதியம் எந்தத் தேதியில் வரவாகும் என்பதுவரை சொல்லியிருக்கிறார். அவர் கைபேசியை வாங்கி வைத்துவிட்டேன். ஏடிஎம் அட்டை என்னிடம்தான் இருக்கிறது என்றாலும் உடல் இன்னும் நடுங்குகிறது.

ஜூன் 22

உதவிக்கு வரும் அம்மாவை அப்பா என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். என்னைப் "பெரியக்கா" என்கிறார். பெரிய அத்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று அந்த அம்மா நகம் வெட்ட உட்கார்ந்தபோது விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டார். நான் வெட்டியை வாங்கியதும், என் முகத்தைப் பார்க்காமலே, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கையை நீட்டினார். பணிமனையில் நசுங்கிக் கோணலாக வளரும் இடது கட்டைவிரல் நகத்தை ஓரத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். அந்த விரலைத் தானாகவே முதலில் தந்தார். பெயர் மாறட்டும், அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். மாலை முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை.

ஜூன் 23

இன்று என்னிடமிருந்தும் கையை உருவிக்கொண்டார். நேற்றையது ஒன்றுமில்லையா?

ஜூன் 26

இரவு இரண்டு மணியிலிருந்து உறங்கவில்லை. வாசலில் தோழர்கள் நிற்கிறார்கள், கதவைத் திற என்று என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். பாசமாக இருந்த குரலில் முதல் தடவையாகப் பயம் கேட்கிறது. உடம்பு சுடுகிறது, காய்ச்சல் 101 காட்டுகிறது. மருத்துவர் சொன்ன தொற்றாக இருக்கலாம். அண்ணன் முதல் பேருந்தில் கிளம்புகிறான். காலை ஏழு மணிக்குப் பரிசோதனைக் கூடம் திறந்ததும் சிறுநீர் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.