ஸ்காலர்ஷிப் சேங்ஷன் ஆகியும் கைக்கு வராத பணம்: மூன்றாம் செமஸ்டருக்குள் சரிசெய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் வேலை இந்த ஆண்டு ஒருவழியாக முடிந்தது. முடிந்தது என்றால், விண்ணப்பங்கள் கல்லூரி லாகினைத் தாண்டி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். பணம் எப்போது வரும் என்பது வேறு கதை. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். முதல் ஆண்டை எப்படியோ கடன் வாங்கித் தாண்டிவிடுகிறார்கள். மூன்றாம் செமஸ்டர் கட்டணம் கேட்கும்போது போன வருடப் பணமே வந்திருக்காது. அங்கே நிற்பவர்கள் பலர்.

தகுதி, வருமான உச்சவரம்பு 2.5 லட்சம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. விண்ணப்பம் போடுவதும் கஷ்டமில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் மாட்டுகிறது.

முதலில் சான்றிதழ்கள். போர்ட்டலில் சான்றிதழ் எண்ணைப் போட்டால் வருவாய்த் துறை பதிவிலிருந்து விவரம் தானாக வந்து விழ வேண்டும். அண்ணனுக்கு வாங்கிய பழைய அட்டை, கையால் எழுதிய சாதிச் சான்று இதெல்லாம் இங்கே செல்லாது. இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் புதிதாக வாங்க வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பிளஸ் டூ முடித்த கோடையில் அவசரமாக வாங்கி வைத்தது, புதிய விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் காலாவதியாகும் விளிம்பில் இருக்கும். தேதியைப் பார்த்து வாங்குங்கள். சான்றிதழ் விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண் இ-சேவைக் கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. வி.ஏ.ஓ. ஏதாவது கேட்டுத் திருப்பி அனுப்பினால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும், அவர் பார்க்கமாட்டார், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரியும். "போட்டாச்சு தம்பி, வந்துரும்" என்ற பதிலை நம்பி ஒரு மாதம் போனவர்கள் உண்டு.

அடுத்தது பெயர். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலை மாற்றப் போகாதீர்கள், அது பெரிய அலைச்சல். ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே மையத்தில் ரசீது தரும்போதே எழுத்துப் பிழை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. சின்ன வயது ரேகையோடு வந்து, ஆதார் வழி ஆளைச் சரிபார்க்கும் இ-கே.ஒய்.சி.யில் விரலை வைத்தால் ஏற்காது. மிஷின் சரியில்லை என்று திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களுக்குத் தனித் தலைவலி. கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தளமான யு.எம்.ஐ.எஸ்.-இல் பழைய கல்லூரி பெயரை விடுவிக்காதவரை புதிய கல்லூரி சேர்க்க முடியாது. டி.சி. கையில் வாங்கும்போதே, 'யு.எம்.ஐ.எஸ்.-இல் ரிலீஸ் பண்ணிட்டீங்களா' என்று கேட்டுவிட்டு நகருங்கள். பிறகு போன் செய்தால் அந்த ஊழியர் எப்போதும் லீவில் இருப்பார்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது வங்கிக் கணக்கு. "என் ஆதார் பேங்க்ல லிங்க் ஆகியிருக்கு சார்" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அது கே.ஒய்.சி.க்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்ய, வங்கி ஆதார் எண்ணை வாங்கி வைத்திருப்பது. அரசுப் பணம் ஆதார் வழியாக வர, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பதிவேட்டில் உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த வங்கி இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த இணைப்பைத்தான் சீடிங் என்பார்கள். அங்கே ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாகச் சம்மதம் கொடுத்த வங்கி. பிறகு எப்போதாவது தபால்காரர் வீட்டுக்கு வந்து போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு திறக்கும்போது ஒரு டிக் போட்டிருந்தால், பணம் அங்கே போயிருக்கும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதியிருந்தாலும் சரி. பணம் வரவில்லை என்று தேடி வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மறந்துபோன வேறு கணக்கு ஏதும் இருக்கிறதா என்பதுதான்.

மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயரும், ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைப்பது நல்லது. மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் பணம் ஒழுங்காக வருகிறதே என்று அசந்துவிடாதீர்கள். ஸ்காலர்ஷிப் எந்தக் கணக்குக்குப் போகும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வருடம் நாமாக எந்த வரவு செலவும் செய்யவில்லையென்றால் வங்கி அதை முடக்கத்தில் போட்டுவிடும்.   வங்கியில் போய் 'ஆதார் லிங்க்' என்று சொன்னால் 'ஏற்கனவே ஆகியிருக்கு' என்று அனுப்பிவிடுவார்கள். 'டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங்' என்று கேளுங்கள், படிவம் வேறு. டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது.

எஸ்.சி. மாணவர்களுக்கு இன்னொரு குழப்பம். 2021 முதல் ஸ்காலர்ஷிப் தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் மத்தியப் பங்கு விடுவிக்கப்படும். ஆகப் பணம் இரண்டு தவணையாக, இடைவெளி விட்டு வரும். முதல் தவணையைப் பார்த்துவிட்டு 'குறைச்சலா போட்டுட்டாங்க' என்று வருபவர்களும் உண்டு, அதுதான் மொத்தமும் என்று செலவழித்தவர்களும் உண்டு. கட்டணமும் மாணவர் கணக்குக்கே வருவதால் அதை எடுத்துக் கல்லூரியில் கட்டுவது மாணவரின் பொறுப்பு. வீட்டில் ஏற்கனவே வட்டிக்கு வாங்கியிருப்பார்கள், வந்த பணம் அந்தப் பக்கம் போய்விடும், கல்லூரி நிலுவை அப்படியே நிற்கும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாள்காட்டி அப்படி இருக்கிறது.

நிலுவை இருந்தால் சில கல்லூரிகளில் ஹால் டிக்கெட் கொடுக்க இழுத்தடிப்பார்கள். தேர்வு எழுதாவிட்டால் அரியர். கட்டணத்துக்காகப் பகுதிநேர வேலைக்குப் போனால் வருகைப்பதிவு குறையும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலே சிக்கல். உதவி தாமதமானதால் வேலைக்குப் போய், வேலைக்குப் போனதால் உதவியை இழப்பது என்று ஒரு சுற்று. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்துக்கொண்டு வீட்டிலிருந்து வருபவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கே 3,000 ரூபாய்தான், விடுதி என்றால் 6,000. மதியச் சாப்பாட்டுக்கே போதாது. விடுதியில் தங்கியிருந்தும் தவறுதலாக 'டே ஸ்காலர்' என்று பதிவாகியிருந்தால் அதிலும் பாதி போச்சு. சமர்ப்பிக்கும் முன் அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றி ஒரு வரி: அது ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டு, 'அப்புறம் வாங்கித் தர்றோம்' என்று சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

பணம் வரும்வரை கல்லூரியைச் சமாளிக்க வழி இருக்கிறது. முன்கூட்டியே கட்டணம் கட்டாமல் சேர்வதற்காக ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று திட்ட விதிகளிலேயே உண்டு. கல்லூரி தானாகச் சொல்லாது, கல்லூரியில் ஸ்காலர்ஷிப் வேலையைப் பார்க்கும் நோடல் ஆபீசரிடம் அந்தக் கார்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்த பிறகு என்றால், விண்ணப்ப எண்ணோடு ஸ்டேட்டஸ் பக்கத்தை அச்செடுத்து, துறைத் தலைவர் பரிந்துரையோடு முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள்: தேர்வுக் கட்டணம் மட்டும் இப்போது, மீதி ஸ்காலர்ஷிப் வந்ததும். தேர்வுக் கட்டணக் கடைசித் தேதிக்கு முன்னால் போன கடிதங்களுக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைத்தது. அபராதத் தேதியும் தாண்டிப் போனவை பல்கலைக்கழகம் வரை போக வேண்டியிருந்தது. கடிதத்தின் நகலில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் ஆள் மாறிவிடுவார்கள்.