ஷிப்ட் முடிந்து வகுப்புக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கொலிஜில் சேர்ந்தால் முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்லைன் கையில் வந்துவிடும். எந்தக் கிழமை எந்த அலகு, சோதனை எந்தத் திகதி, ஒப்படை எத்தனை மணிக்குள் ஏற வேண்டும், பிந்தினால் எத்தனை புள்ளி வெட்டுவார்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். நாலு மாதத்துக்கும் எழுதி முடிந்த நேரக்கணக்கு அது. வேலையிடத்தில் அப்படியில்லை. நான் வேலை செய்கிற உணவுப் பொதியிடும் ஃபக்டரியில், ஞாயிறு தொடங்குகிற கிழமைக்கான ஷிப்ட் விபரம் வியாழன் பின்னேரம்தான் போர்டில் ஏறும். சிலவேளை வெள்ளி மத்தியானம் அதையும் மாற்றிவிடுவார்கள். முப்பது வயது தாண்டிப் படிக்க வந்த எங்களைப் போன்றவர்களின் சீவியம் இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

நான் படிப்பது பிராக்டிக்கல் நர்சிங், இரண்டு வருட டிப்ளோமா. முடித்தபின் ரெக்ஸ்-பிஎன் என்ற சோதனை எழுத வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இதுதான் நடைமுறை. அதில் தேறி, ஒன்ராறியோ தாதியர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, தாதியரைப் பதிவு செய்கிற அமைப்பு அது) பதிவு செய்தால்தான் நர்ஸாக வேலை செய்யலாம். ஊரில் விஞ்ஞானப் பிரிவில் ஏஎல் எடுத்துவிட்டு, பிறகு கலியாணம், பயணம், பிள்ளை என்று வருசங்கள் போய்விட்டன. இந்தப் படிப்பை விட்டால் இனி ஒரு படிப்பு எனக்கு வாய்க்காது என்று தெரிந்துதான் சேர்ந்தேன்.

பாடங்களைக் குறைத்து ஆறுதலாகப் படிக்கலாம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஓசாப் என்ற மாகாண அரசின் படிப்பு உதவிப் பணத்தை முழுநேர மாணவராக எடுக்க வேண்டுமென்றால் முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 வீதமாவது எடுத்திருக்க வேண்டும். ஓசாப் குறைந்தால் வேலை நேரத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் படிப்பு போகும். வாடகையோ முதலாம் திகதி வந்து நிற்கும்.

வேலை அட்டவணை விசயத்தில் இந்த மாகாணத்தில் நடந்த ஒன்றை எங்கள் ஆட்களில் பலர் அறியவில்லை. 2017-இல் நிறைவேறிய பில் 148 என்ற தொழிலாளர் சட்டத்தில், 96 மணித்தியாலத்துக்கும் குறைவான அவகாசத்தில் ஒரு ஷிப்டைப் போட்டால் தொழிலாளி அதை மறுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2019 ஜனவரியில் அது அமுலுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னமே, 2018 கடைசியில், புதிய அரசாங்கம் பில் 47 கொண்டுவந்து அதை நீக்கிவிட்டது. நாலே நாலு நாள் அவகாசம். அது இருந்திருந்தால் என்னோடு படிக்கத் தொடங்கிய சிலர் இன்றைக்கும் வகுப்பில் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். இரண்டு ஷிப்டுக்கு இடையில் பொதுவாக 8 மணித்தியால இடைவெளி வேண்டும் என்ற சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது வேலைக்கும் வேலைக்கும் இடையிலான கணக்கு. இரவு பதினொன்றரைக்கு ஃபக்டரியில் பொதியிடும் லைனை விட்டு இறங்கி, விடிய ஆறே முக்காலுக்குப் பராமரிப்பு இல்லத்தில் சம்பளமில்லாத பயிற்சிக்கு நிற்பது எந்தக் கணக்கிலும் வராது.

பயணம் தனிக்கதை. ஸ்காபரோ ஆர்ரீ ரயில் 2023 ஜூலை 24 தடம் புரண்டதோடு சரி, அதன்பின் ஓடவேயில்லை. கெனடிக்கும் ஸ்காபரோ சென்ரருக்கும் இடையில் இப்போது பஸ்தான். பனி கொட்டுகிற நாளில் அந்தப் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி விழுந்தால் இன்னும் சிக்கல், சப்வே காலை 8 மணியளவில்தான் தொடங்கும். இரவு பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறி, இருட்டிலேயே போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் லாப் வகுப்பின் கதவு காலை 8 மணிக்குச் சாத்தப்படும். கட்டில்களில் பொம்மை நோயாளிகளைக் கிடத்தியிருப்பார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, ஆளை நோகாமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அங்கேதான் பழக வேண்டும். ஒருநாள் 8 மணி கழிந்து ஒரு தம்பி வந்து கதவுக் கண்ணாடியில் தட்டினான். களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்தவன், சேஃப்டி சப்பாத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. புரொபசர் வெளியே போய்த் தாழ்ந்த குரலில் அவனோடு கதைத்துவிட்டு, அடுத்த பிரிவோடு வரச்சொல்லி அனுப்பினார். எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கண்டுதான் அவர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“காலை 7 மணிக்கு உங்களுக்காக ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். இரவு முழுக்க முப்பது பேரைப் பார்த்த நர்ஸ். யாருக்குக் காய்ச்சல், யார் விழுந்தார், யார் சாப்பிடவில்லை என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் போகலாம். போதை கலந்த வலி மருந்துகளை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வைத்த பிறகுதான் திறப்பு உங்கள் கைக்கு வரும். நீங்கள் வராவிட்டால் அவருக்கு வீடு இல்லை.”

எனக்கு அது உடனே பிடிபட்டது. லைனில் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பதினொன்றரைக்கு வரவேண்டிய ஆள் வராவிட்டால் பெல்ற் நிற்காது. பெட்டி வந்துகொண்டே இருக்கும், கை ஓயாது, கழிவறைக்குப் போகக்கூட யாராவது இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். கடைசிப் பஸ் போய்விடுமே என்று வயிறு பதறும். அந்தப் பதற்றத்தை அறிந்தவள், இன்னொரு பெண்ணை அப்படி நிற்க வைக்க மாட்டேன். நேரத்துக்கு வருவதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லியிருந்தால் நான் இந்த அளவுக்கு ஏற்றிருப்பேனோ தெரியாது.

அதே புரொபசர்தான் முதல் வகுப்பில், “வேலை செய்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், பிந்திய பிறகு அல்ல, பிந்த முன்னம்” என்றும் சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப்பேர் எங்காவது வேலை செய்கிறவர்கள். ஆனால் போய்க் கதைத்தவர்கள் குறைவு, எங்கள் ஆட்களில் இன்னும் குறைவு. ரீச்சரிடம் போய் ‘எனக்கு இந்த நேரம் சரிவராது’ என்பது எங்களுக்கு வாய்க்கொழுப்பாகப் படுகிறது. வாய் திறக்காமல் பின்வரிசையில் இருந்து, முடிந்தவரை ஓடி, ஒருநாள் விழுந்துவிடுகிறோம். இங்கேயோ அந்த மௌனத்தை யாரும் மரியாதை என்று எடுப்பதில்லை. அக்கறையில்லாதவள் என்றுதான் எடுக்கிறார்கள்.

நான் முதல் கிழமையிலேயே மின்னஞ்சல் போட்டேன். தலைப்பில் பாடக் குறியீடும் பிரிவு எண்ணும். உள்ளே, நான் செய்கிற வேலை, எந்த இரவுகளில் ஷிப்ட் விழக்கூடும், மத்தியானம் 1 மணிப் பிரிவில் இடமிருந்தால் மாற விருப்பம் என்பது மட்டும். குடும்பக் கஷ்டம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தநாள் பதில் வந்தது: இரண்டு இடம் இருக்கிறது, இன்றே துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள், நான் அனுமதி கொடுத்துவிட்டேன். பின்னர் எழுதிய ஒரு பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பிரிவு மாறும் வரைக்கும்தான் 8 மணிக் கதவுக்கு நான் ஓடினேன்.

வேலையிடத்தில் சூப்பர்வைசர் எங்கள் ஊர் அண்ணை.

“அண்ணை, செவ்வாயும் வியாழனும் எனக்கு வகுப்பு. டிசம்பர் வரைக்கும் அந்த நாளுகளில பின்னேர ஷிப்ட் போடாதேங்கோ.”

“வாயால சொன்னா எனக்கு மறந்துபோகும் பிள்ளை. எழுதித் தாரும், வகுப்பு அட்டவணையையும் சேர்த்துக் குடும். நான் ஒப்பீஸில போட்டுவிடுறன்.”

எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டொரு கிழமை மாறி விழுந்தது. அப்போதெல்லாம் என் பக்கத்தில் நிற்கிற அக்காதான் கைகொடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர், வலது தோள்மூட்டு நோகிறவர். “நீ போ பிள்ளை, நான் உன்ரை பக்கத்தையும் பாக்கிறன்” என்று தள்ளி அனுப்புவார். அவருடைய மகள் பல்கலைக்கழகம் போகிறாள். எனக்குச் சோதனை வருகிற கிழமைகளில் ஷிப்ட் மாற்றித் தருவதும் அவர்தான். இந்த டிப்ளோமாவில் அவருடைய தோளும் இருக்கிறது.

ஒப்படைகள் வழமையாக இரவு 11.59-க்கு ஏற வேண்டும். பின்னேர ஷிப்டில் நிற்கிறவர்களுக்கு அது பொல்லாத நேரம். எங்கள் பாடத்தில் ஒரு நாள் பிந்தினால் 10 வீதம் போகும். அதனால் எனக்கு உரிய முடிவுத் திகதியை நான் அதற்கு முதல்நாள் காலை என்றே எழுதி வைக்கிறேன். ஏற்றியதும் வருகிற ரசீது மின்னஞ்சலை அழிப்பதேயில்லை.

இந்தச் செப்டெம்பரில் தொடங்குகிறவர்கள் ஓகஸ்டிலேயே கால அட்டவணையைத் திறந்து பாருங்கள், பிரிவு மாறுவதற்கு இடம் இருப்பது அப்போதுதான். மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை ஃபோனில் வைத்திருங்கள். வகுப்புத் தொடங்கி 10 நாள் முடியுமுன் விலகினால் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பும், அந்தத் திகதியை எங்காவது பெரிதாக எழுதி ஒட்டுங்கள். புரொபசரின் ஒப்பீஸ் அவர்ஸ், அதாவது மாணவரைச் சந்திக்கிற நேரம், எப்போதென்று பார்த்து, கேள்வி ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் கிழமையில் ஒருக்கால் போய், பெயரைச் சொல்லி, எங்கே எத்தனை மணிக்கு வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.