லாரிப் பட்டை: மூன்று துண்டு, மூன்று முறிவு

போன மாதம் லாரியின் வில் பட்டையில் அடித்த கத்தியால் தேங்காய் ஓட்டைத் தட்டினேன், முனை பொட்டென்று போய்விட்டது. அரம் வைத்தால் கடிக்காமல் வழுக்கியது; கடினம் ஏறியிருக்கிறது, அதனால் தோய்ச்சலில் (காய்ச்சி எண்ணெயில் முக்குவதில்) குறை இல்லை. முறிந்த முகமோ கல்லுப்பை உடைத்த மாதிரி மின்னியது. இரும்பை உலையில் விட்டுவிட்டு ஃபோன் பேசப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, அந்தத் தப்பை வேண்டுமென்றே செய்து பார்ப்போம் என்று, அதே லாரிப் பட்டையில் 3 மி.மீ. கனத்தில் மூன்று துண்டு எடுத்தேன். மூன்றையும் ஆரஞ்சு தாண்டி மஞ்சள் தட்டும்வரை காய்ச்சி, கால் மணி நேரம் அப்படியே வைத்தேன். முதல் துண்டு நிறம் கொஞ்சம் இறங்கியதும் நேராக எண்ணெய்க்குப் போனது. இரண்டாவதைக் காற்றில் ஆறவிட்டு, காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டும்வரை காய்ச்சி, மறுபடி ஆறவிட்டேன். மூன்றாவதற்கு இதே காய்ச்சலும் ஆறலும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து. கடைசியில் இரண்டுக்கும் தோய்ச்சல்.

வைஸில் இறுக்கி, துணி போர்த்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டு சுத்தியல்.

முதலாவது ஒரு தட்டலுக்கே போனது, அதே கல்லுப்பு. இரண்டாவதில் பாதி ரவை, பாதி மங்கல். மூன்றாவது நாலு அடி வாங்கியது. அதன் முகத்தை நகைக்கடை லென்ஸில் பார்த்தாலும் மினுக்கமே இல்லை, சிலேட் மாதிரி சாம்பல் நிறம். மூன்றிலும் அரம் ஒரே மாதிரிதான் வழுக்கியது!

இரும்புக்குள் இருப்பது மணி மணியான படிகங்கள். அதிகச் சூட்டில் வைத்தால் அவை பெருத்துவிடும்; அளவாகக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி பொடியாகும். இழுக்கும்போது அணு வரிசையில் உள்ள பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. பக்கத்து மணியில் வரிசை வேறு திசை என்பதால் எல்லையில் அவை திணறி நிற்கும். வயல் சிறிதானால் வரப்பு கூடுகிற கணக்குதான். மணியின் விட்டம் நாலில் ஒன்றானால், எல்லைகள் தரும் வலிமை இரட்டிப்பாகும். 1951-இல் ஹால், 1953-இல் பெட்ச் என்ற ஆய்வாளர்கள் எஃகில் கண்ட விதி இது. வெடிப்பும் ஒவ்வொரு வரப்பிலும் திரும்பித்தான் போக வேண்டும். உறுதியைக் கூட்டும் மற்ற வழிகளில் பெரும்பாலும் இரும்பு நொறுங்கும் தன்மைக்குப் போகும். மணியைப் பொடியாக்கினால் மட்டும் உறுதியும் தாங்கும் குணமும் சேர்ந்தே ஏறும். அதற்காக நானோ அளவுவரை பொடியாக்கினால் இழுபடும் தன்மை போய்விடும். ஜெட் என்ஜினின் டர்பைன் இறகுகளில் கதையே தலைகீழ்: அந்தச் சூட்டில் வரப்புகளே வழுக்கும் என்பதால், ஒரே படிகமாக வார்க்கிறார்கள்.

அப்புறம் பெருமணி, சிறுமணி என்று இன்னொரு ஜோடி செய்து, ஓடிஜி அடுப்பில் 220 டிகிரியில் இரண்டு மணி நேரம் பதப்படுத்தி, நெம்புவதற்கு முனையில் குழாயைச் செருகி வளைத்தேன். பெருமணி வளைய ஆரம்பித்ததுமே முறிந்தது. சிறுமணி வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. இன்னும் அழுத்தியதில் லேசான வளைவு தங்கிவிட்டது. அதற்கு மேல் துணியவில்லை.

இரண்டாம் துண்டின் அந்த ரவைத் திட்டுகள்தான் உறுத்துகின்றன. ஒரு சுற்றில் மணி முழுதாக உடையவில்லையா, இல்லை என் உலையில் சூடு ஒரே சீராகப் பரவவில்லையா? அடுத்த ஞாயிறு இரண்டு சுற்று வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஓடிஜியிலிருந்து எண்ணெய் வாடை போயாக வேண்டும்.