மஞ்சள் கரை போச்சு: ஸ்நேக் பிளான்ட் பிரித்த அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் நிற்கிற ஸ்நேக் பிளான்ட், வேர் முட்டிப் பிளாஸ்டிக் தொட்டியையே ஒரு பக்கம் பிதுக்கிவிட்டது. நம் பக்கத்து மருளுக்குப் பங்காளிதான். ஆனால் இது இலையோரம் மஞ்சள் கரை ஓடும் ரகம். பிரித்து வைத்தால் தென்காசி மைனிக்கும் ஒன்று கொடுக்கலாமே என்று நர்சரியில் போய் விவரம் கேட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"எதுக்கு அண்ணாச்சி செடியப் போட்டு அலக்கழிக்கிய? ஒரு இலைய நறுக்கிச் சொருவுங்க. துண்டுக்கு ஒரு செடி வரும்" என்றார் கடைக்காரர். கூடவே 'ரெடி மிக்ஸ்' மண்கலவை என்று ஒரு மூட்டையையும் தலையில் கட்டினார்.

செடி வந்தது, பொய் சொல்லக்கூடாது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு குருத்து எட்டிப் பார்த்தால் முழுப் பச்சை, கரையைக் காணோம். இலையில் ஓர் அடுக்கில் மட்டும் பச்சையம் இல்லாததால்தான் அந்த மஞ்சள் ஓரமே வருகிறது. இலைத்துண்டின் அடியில் புதிதாகக் கிளம்பும் குருத்துக்கு அந்த அடுக்கு வந்து சேர்வதில்லை. மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிப்பது ஒன்றுதான் வழி. செடி வரும் என்றவர், கரை வராது என்று வாய் திறக்கவேயில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பச்சையும் ராசிதான் அண்ணாச்சி" என்று சிரிக்கிறார்!

பிறகு தாய்ச்செடியிலேயே கை வைத்தேன். தொட்டியைத் தட்டிப் பார்த்தும் அசையவில்லை. பிளாஸ்டிக்கை நெடுக அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மண்ணை உதிர்த்தால் உள்ளே பசுமஞ்சள் நிறத்தில் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கையால் பிய்க்காதீர்கள், வேர் அறுந்துபோகும். கத்தியை டெட்டாலில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வேரும் ஒரு கொத்து இலையும் நிற்கிற மாதிரி நறுக்கென்று வெட்டுங்கள். வெட்டுவாய் நிழலில் இரண்டொரு நாள் காயட்டும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் நறுக்கிய கழிவை உடனே அள்ளிவிடுங்கள். அதில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி எடுக்கும்.

அடுத்த அடி அந்த ரெடி மிக்ஸ். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு. ஈரத்தைப் பிடித்தால் விடாது. அதில் நட்டு, கடைக்காரர் சொன்னபடி தினமும் தண்ணீர் ஊற்றியதில் ஒரு துண்டின் இலையடி கொழகொழவென்று ஆகிவிட்டது. இழுத்தால் கையோடு வருகிறது, நாற்றம் வேறு. அழுகலைக் கெட்டிச் சதை தெரிகிறவரை சீவி, மறுபடி காயவைத்து, செம்மண், தூசி சலித்த எம்-சாண்ட், செங்கல் சல்லி மூன்றையும் கலந்து மண்சட்டியில் வைத்ததும் பிழைத்துக்கொண்டது. நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். அதன்பிறகும் விரலை விட்டுப் பார்த்து, மண் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஆடிக்காற்று இருக்கிறதே, அதை யாரும் சொல்வதில்லை. வேர் பிடிக்காத துண்டுக்கு மேலே நீள இலை, கீழே பிடிப்பில்லை. ராத்திரி அடித்த காற்றில் சட்டியோடு சாய்ந்து கிடந்தது. ஒரு குச்சி ஊன்றித் தளரக் கட்டிவிட்டால் போதும்.

மைனிக்குக் கொடுத்தது மஞ்சள் கரையோடு குருத்து விட்டுவிட்டது. அங்கே சாரல் நேரத்தில் காற்றே ஈரமாக இருக்கும், தண்ணீரை மறந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்; கேட்டார்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒன்று: இதே ஸ்நேக் பிளான்டை ஒருவர் சான்சிவேரியா என்று போடுவார், இன்னொருவர் டிரசீனா என்பார். இரண்டும் ஒன்றுதான். 2017 முதல் தாவரவியலில் இதற்கு டிரசீனா டிரைஃபாசியாட்டா என்று பெயர். வேறு செடி என்று நினைத்து இரண்டு தரம் காசு கொடுக்காதீர்கள்.

பிரிக்கிற எண்ணம் இருந்தால் கத்திரி வெயில் தணிந்ததும் ஆரம்பித்து, ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். அடைமழையில் வெட்டுவாய் காயவே காயாது.