மோட்டார் போகவில்லை, உள்ளே மணல்தான் போயிருக்கிறது

பனையூர் பக்கம் கடற்கரையில் வைத்து என் ட்ரோனின் பின்பக்க வலது மோட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்டார்ட் கொடுத்தால் மூன்று மோட்டார்கள் ஒழுங்காகச் சுற்றும். நான்காவது ஒரு உதறு உதறிவிட்டு நின்றுவிடும், மறுபடி உதறும். மோட்டார் எதிலோ சிக்கியிருக்கிறது என்று ஆப்பில் சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருந்தது.

கூட வந்த அக்கா பையன் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான். "மோட்டார் போயிடுச்சு மாமா. புதுசு போட்டுடுங்க." ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் காட்டிய கடையிலும் அதே தீர்ப்பு. கடைக்காரர் இறக்கையை ஒரு சுண்டு சுண்டினார். "ஆர்மோட சேர்த்து மாத்தணும் சார். ஒயர் உள்ள போயி போர்டுல சோல்டர் ஆவுது. வெச்சிட்டுப் போங்க" என்றார். அவர் சொன்ன ஒயர் விஷயம் உண்மைதான். கை (மோட்டாரைத் தாங்கும் ஆர்ம்) மடக்கும் இந்தச் சின்ன ட்ரோன்களில் மோட்டாரின் மூன்று ஒயர்களும் கைக்குள்ளேயே ஓடி உள்போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்றுவது பெரிய வேலை. அதனால்தான் அவசரப்பட மனசு வரவில்லை. வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை, ஆனால் நல்ல பாகமா டூப்ளிகேட்டா என்று பார்த்து வாங்குவது நம் சாமர்த்தியம். ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அணைத்து வைத்தால் போதாது, வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் இறக்கைகள். பெட்டியோடு வந்த குட்டி ஸ்க்ரூடிரைவர் இதற்குத்தான். எந்த இறக்கை எந்தக் கையில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் வலம் சுற்றுவது, இடம் சுற்றுவது என்று இரண்டு வகை உண்டு. இடம் மாறினால் ட்ரோன் மேலே எழும்பாது, தரையிலேயே குட்டிக்கரணம் போடும்.

இனி விரல்தான் மீட்டர். நல்ல மோட்டாரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சின்னச் சின்னதாகத் தடுக்கித் தடுக்கித் தாண்டும். அது கோளாறு கிடையாது. உள்ளே இருக்கும் காந்தங்கள் இரும்புப் பல்லை ஒவ்வொன்றாகக் கடக்கும் உணர்வு அது, ஒரே சீராக இருக்கும். நல்ல மூன்றையும் திருப்பிவிட்டு அந்தக் கைப்பழக்கத்தோடே நான்காவதுக்கு வந்தால் வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும். என்னுடையதில் சுற்றின் ஒரு இடத்தில் மட்டும் நறநறவென்று ஒரு இழுவை. காதருகில் வைத்துத் திருப்பினால் சத்தமும் கேட்டது.

இந்த இடத்தில் இரண்டு நோய்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையால் திருப்பும்போது மற்ற மூன்றையும் போல வழுவழுவென்று சுற்றி, கரண்ட் கொடுத்தால் மட்டும் உதறினால் கோளாறு மின்சாரப் பக்கம். மூன்று ஒயரில் ஒன்று அறுந்திருக்கலாம், பற்றவைப்பு விட்டிருக்கலாம், மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் கெட்டிருக்கலாம். அதற்கு நிஜமாகவே கடைக்குப் போகத்தான் வேண்டும். கையாலேயே இழுத்தால் உள்ளே ஏதோ கிடக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது, அல்லது விழுந்த அடியில் தண்டு வளைந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு சுண்டில் இதை எப்படிப் பிரித்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

மொபைல் டார்ச்சை அடித்து, இன்னொரு மொபைலின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வகை மோட்டாரில் செப்புக்கம்பி சுற்றிய பகுதி நடுவில் அசையாமல் இருக்கும். காந்தங்கள் ஒட்டிய வெளி மூடிதான் அதைச் சுற்றி ஓடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சந்தில், காந்தத்தின் ஓரம் பூராவும் கறுப்பாக மீசை முளைத்திருந்தது.

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியும். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்தால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான். மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள கனிமத் துகள்கள். கனமானவை என்பதால் அலை வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போன பிறகும் இவை கறுப்புக் கோடாகத் தங்கிவிடும். ட்ரோன் மணலிலிருந்து கிளம்பும்போது இறக்கைக் காற்று மணலைக் கிளப்புகிறது. வெள்ளை மணல் வந்த வழியே போய்விடும். கறுப்பை மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் விடாது.

அதனால்தான் ஊதி எடுக்க முடியவில்லை. கேமரா துடைக்கும் ரப்பர் பல்பால் ஊதினேன், கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கும் காற்று டப்பாவாலும் அடித்தேன். வெள்ளை மணல் கொஞ்சம் கொட்டியது, கறுப்பு அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டலாமே என்று அக்கா பையன் யோசனை சொன்னான். கூடவே கூடாது. செப்புக்கம்பியின் மேலிருக்கும் வார்னிஷ் பூச்சு கீறினால் ஷார்ட் ஆகி, அவன் முதலில் சொன்ன தீர்ப்பே பலித்துவிடும்.

வேலை செய்தது, பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டும் அந்த நீலப் பசை உருண்டை. ஸ்டேஷனரிக் கடையில் ப்ளூ டாக் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு துண்டைச் சேமியா மாதிரி மெல்லிசாக உருட்டி, பல்குத்தும் குச்சியால் மூடியின் ஓரத்து இடுக்கில் மெல்ல அழுத்தி, நேராக வெளியே இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே பசையின் ஒரு பக்கம் கறுத்துப் போய், முள் முள்ளாகத் துகள்கள் நின்றன. அந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் திருப்பி, அடுத்த இடம். நம்மூர் வெயிலில் பசை இளகி நூலாக அறுந்து உள்ளேயே தங்கும் ஆபத்து உண்டு. கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அறுந்து போகாமல் வரும். ஒரு மாலை முழுக்க இதே வேலை. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் நறநற குறைவது விரலிலேயே தெரியும்போது ஒரு போதை வந்துவிடுகிறது.

கடைசியாக, மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவுவதற்கு வைத்திருக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு உப்புக்கறையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். கடற்கரை ட்ரோனுக்கு மணல் ஒரு எதிரி என்றால் உப்புக்காற்று இன்னொன்று. பேரிங்கின் இரும்புக் குண்டுகளில் அது துருவேற்றும். ஆல்கஹால் பேரிங்குக்குள் போனால் அங்கிருக்கும் கிரீஸும் கரையும் என்பதால் தண்டின் அடியில் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் நிற்கிற அளவு, வைத்தேன். அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினார். கதவுக் கீலிலிருந்து தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். ஆனால் நாள்பட்டால் அது பிசினாக இறுகும், தூசியையும் பிடித்து வைக்கும். பேரிங்குக்கு ஆகாது.

பொம்மை ட்ரோன் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணெய் விஷயத்தைப் பின்பற்ற வேண்டாம். அவற்றில் இருப்பது வேறு ஜாதி மோட்டார். 7 அல்லது 8.5 மில்லிமீட்டர் குறுக்களவில் குட்டிக் குழாயாக இருக்கும், உள்ளே பிரஷ் உண்டு. எண்ணெய் பிரஷ்ஷில் பட்டால் தூசியும் கரியும் சேர்ந்து குழம்பாகிக் காரியம் கெடும். வீட்டுக்குள் ஓட்டுவதால் அதன் வியாதி பெரும்பாலும் தலைமுடி. இறக்கையைப் பிடுங்கிப் பார்த்தால் தண்டில் நூற்கண்டு போலச் சுற்றியிருக்கும், ட்வீசரால் எடுத்தால் சரியாகிவிடும். பிரஷ் தேய்ந்துவிட்டால் மோட்டாரை மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது ஒயர் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு-நீலம் ஒரு திசை, கறுப்பு-வெள்ளை எதிர்த்திசை. இதுதான் பரவலான வழக்கம்.

என் கதைக்கு வருகிறேன். இறக்கை மாட்டாமலே பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்தேன். நான்கும் சுற்றின. ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, நான்கின் தலையிலும் விரலை வைத்துப் பார்த்தால் பழைய நோயாளி மட்டும் கொஞ்சம் சூடு அதிகம். அப்படியென்றால் உராய்வு பாக்கி. மறுபடி பசை, மறுபடி டார்ச். ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துகள் ஒரு காந்தத்துக்கும் அடுத்த காந்தத்துக்கும் நடுவே ஒளிந்திருந்தது. அதை எடுத்த பிறகு சூடு சமமானது. இறக்கைகளை மாட்டி, மொட்டைமாடியில் முட்டி உயரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன், ஆடவில்லை. அதற்குப் பிறகுதான் உயரத்துக்கு அனுப்ப மனசு வந்தது. 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன்தான், ஆனாலும் கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்தால் எடையைக் கேட்டுக்கொண்டா விழும்?

லேண்டிங் பேட் என்று விற்கிறார்கள், வாங்கவில்லை. தெருமுனையில் கழற்றிப் போட்டிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி, நாலு மூலையிலும் கல் வைத்து விரிக்கிறேன். யாரோ ஒரு அண்ணன் பிறந்தநாள் வாழ்த்து. வெட்டியதில் மீசையும் கும்பிட்ட கைகளும் மட்டும் தங்கிவிட்டன. ட்ரோன் இறங்கும்போதெல்லாம் அக்கா பையன் "அண்ணன் மேலயே எறக்கறீங்களே மாமா" என்கிறான். மணலில் இறக்கச் சொன்னால் அவன்தான் பசை உருட்டி உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.