நொதி இல்லாத சுகர் சென்சார்: காரத்திலிருந்து இரத்தம் வரை

கடையில் வாங்கும் பல சுகர் ஸ்ட்ரிப்புகளில் வேலை செய்வது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. 1962இல் ஆய்வாளர்கள் கிளார்க்கும் லயன்ஸும் சொன்ன யோசனையின் வழிவந்தது அது. நொதி ஒரு புரதம். வெயிலும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். அதற்குப் பதில் உலோக ஆக்சைடையே வேலை வாங்குவதுதான் என் ஆராய்ச்சி. எடுத்துக்கொண்டது செம்பு.

மின்முனை, அதாவது குளுக்கோஸ் வினைபுரிந்து மின்னோட்டம் தரும் தகடு, செய்வது சுலபம். சுத்தம் செய்த செப்புத் தகட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியம் பெர்சல்பேட்டும் கலந்த கரைசலில் போட்டால், சில நிமிடங்களில் அதன்மேல் நீலம் படரும். அத்தனையும் செப்பு ஹைட்ராக்சைடு நானோ கம்பிகள். அலசிச் சூடாக்கினால் கறுத்து ஆக்சைடாகிவிடும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நாணல் காடு மாதிரி இருக்கும்.

0.1 மோலார் காரக் கரைசலில் அதை வைத்து, சுமார் 0.55 வோல்ட் கொடுத்து, குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். விட விட மின்னோட்டம் படிப்படியாக ஏறியது. அதைத் திரையில் பார்ப்பது தனிச் சந்தோஷம்! ஆனால் இந்த இடத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள்தான் அதிகம், அதுதான் எனக்கு ஆதங்கம். அந்தக் காரத்தின் பிஎச் 13, இரத்தத்தினுடையது 7.4. அங்கே இதே மின்முனை கிட்டத்தட்ட ஊமையாகிவிடுகிறது, ஏனென்றால் இந்த வினைக்கு ஹைட்ராக்சைடு அயனி தாராளமாக வேண்டும்.

அப்புறம் இரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம். இரண்டும் அதே வோல்டேஜில் ஆக்சிஜனேற்றமாகிப் பொய்யான மின்னோட்டம் காட்டும். இவற்றைத் தள்ளிவிடும் நாஃபியான் என்ற பாலிமர் படலம் பூசினால் பெரும்பாலும் அடங்கும். படலம் தடித்தால் குளுக்கோஸ் சிக்னலும் படுத்துவிடும்.

சீரத்துக்கு (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) வந்தபோது கைகொடுத்தது நீர்த்தல். 10 மில்லி காரத்தில் 50 மைக்ரோலிட்டர் சீரம் விட்டால் ஏறக்குறைய 200 மடங்கு நீர்க்கும். டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் சர்க்கரை 25 மைக்ரோமோலாராக இறங்கும். நானோ கம்பிகளுக்கு அது தாராளம், புரதத்தின் தொல்லையும் குறையும். பிறகு தெரிந்த அளவு குளுக்கோஸைச் சேர்த்து, அது தரும் ஏற்றத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டேன். ஆய்வகக் கருவி காட்டிய அளவை ஒட்டியே வந்தது.

சரி, வீட்டில் விரலைக் குத்திச் சோதிப்பவர் காரத்தைக் கையாள முடியுமா? அதனால் இப்போது பக்கத்திலேயே இன்னொரு மின்முனையை வைத்து, அதற்கு எதிர் வோல்டேஜ் கொடுத்து, நீரைப் பிளந்து அந்த இடத்தை மட்டும் காரமாக்கப் பார்க்கிறேன். செம்புக்கே அந்த வோல்டேஜைக் கொடுக்க முடியாது, ஆக்சைடு ஒடுக்கமாகி உலோகமாகிவிடும். இரத்தத்தின் பைகார்பனேட்டும் பிஎச்சை ஏறவிடாமல் இழுக்கிறது. ஆகவே இரண்டு மின்முனைகளையும் எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்பதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.