அப்பாவின் காதும் புதுவயல் மில்லும்

காரைக்குடிப் பக்கம் எழுபதைத் தொட்ட ஒருவருக்குக் காது மந்தமானால், 'வயதாகிவிட்டது' என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முறையாகப் பரிசோதித்தபோது, காது கேட்கவில்லை என்ற அந்த ஒரே குறைக்குள் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருந்தன. ஒன்று சில வாரங்களில் முழுவதும் குணமாகிவிட்டது. இன்னொன்று அவர் பார்த்த வேலையால் வந்தது. மூன்றாவதுதான் வயது. மூன்றையும் மருத்துவர்கள் பிரித்துக் கண்டறிந்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் பெற்றோரை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்பா புதுவயலில் அரிசி மில் ஃபிட்டர். முப்பது ஆண்டுகளுக்கு மேல், உமி நீக்கும் ஷெல்லருக்கும் அரிசியைத் தீட்டும் பாலிஷருக்கும் நடுவில் நின்றவர். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த பெல்ட் வழுக்குகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு தொலைக்காட்சியின் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பேரப்பிள்ளைகள் பேசுவது புரியாமல் சிரித்து மழுப்பத் தொடங்கினார். மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், குரலை உயர்த்தினால் "ஏன் ஆத்தா கத்துகிறாய்?" என்று கோபிப்பார். இதற்கிடையில் வலது காதில் தீராத அரிப்பு வந்தது. அடைத்துக்கொண்ட உணர்வும், இரவில் 'ஙொய்' என்ற இரைச்சலும் சேர்ந்துகொண்டன.

பக்கத்து வீட்டு ஆச்சி, நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஊற்றச் சொன்னார். அன்போடு சொன்ன கை மருந்து. அப்பாவும் விடாமல் ஊற்றி வந்தார். அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு காது மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கருவியை மாட்டினார், "கேட்கிறதா ஐயா?" என்று உரக்கக் கேட்டார், அப்பா தலையாட்டியதும் விலையைச் சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணாடிக்குக்கூடப் பார்வையைச் சோதித்துத்தானே எண் எழுதுகிறார்கள். வாங்காமல் கிளம்பி, காரைக்குடியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

அந்த அம்மையார் கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன் கேள்விகளாகக் கேட்டார். ஒரு காதா, இரண்டு காதுமா? திடீரென்று வந்ததா, ஆண்டுக்கணக்கில் தேய்ந்ததா? வலி, சீழ், நாற்றம் உண்டா? இரைச்சல் ஒரு பக்கம் மட்டுமா? தலை சுற்றுகிறதா? சர்க்கரை இருக்கிறதா? காசநோய்க்கு ஊசி போட்டது உண்டா? ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் உள்காதைப் பாதிக்கக்கூடும் என்பதால் அந்தக் கேள்வி என்று விளக்கினார். கடைசியாக, "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார். மில் என்றதும் குறிப்பேட்டில் அதை அடிக்கோடிட்டார். நோய் கண்டறிவதில் பாதி வேலை இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. போவதற்கு முன்பே இவற்றுக்கான பதில்களை வீட்டில் பேசி எழுதிக்கொண்டு போவது நல்லது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பெரியவர்களுக்குப் பாதி மறந்துபோகிறது.

அடுத்து, முனையில் சிறிய கேமரா பொருத்திய கருவியால் காதுக்குள் பார்த்தார். பக்கத்துத் திரையில் எங்களுக்கும் தெரிந்தது. இடது காதுக்குழாய் சுத்தமாக இருந்தது. உள்ளே செவிப்பறை முத்துச்சிப்பி நிறத்தில் பளபளத்தது. வலது காதில் செவிப்பறையே தெரியவில்லை. நனைந்த காகிதக்கூழ் போன்ற வெள்ளைப் படிவம் அடைத்திருந்தது, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சைத் தொற்று. எண்ணெயும் ஈரமும் தேங்கும் காதில், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், பூஞ்சை எளிதில் பிடித்துக்கொள்ளுமாம். செவிப்பறையில் ஓட்டை இருந்து அது தெரியாமல் எண்ணெய் ஊற்றியிருந்தால் நடுக்காது வரைக்கும் சிக்கலாகியிருக்கும் என்றார். காது குடையும் பஞ்சுக்குச்சியையும் அவர் விடவில்லை. குறும்பி தானாக வெளியே நகர்ந்து வரும் தன்மை உடையது. குச்சி அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

சுத்தம் செய்வதற்கு முன் ஒரு சிறு சோதனை. கவட்டை வடிவ இரும்புக் கருவி, இசைக்கவை. அதைத் தட்டி, அதிர அதிர அப்பாவின் நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். அப்பா தயங்காமல் வலது காதைத் தொட்டுக் காட்டினார். மோசமான காதிலா நன்றாகக் கேட்கிறது? நான் விழித்தேன். மருத்துவர் தலையசைத்தார். வெளியிலிருந்து வரும் ஒலியின் வழி அடைபட்டிருந்தால், எலும்பு வழியாகப் போகும் அதிர்வு அந்தக் காதில்தான் உரக்கக் கேட்கும். ஒரு பக்க நரம்பு பழுதாகியிருந்தால் சத்தம் நல்ல காதுக்குப் போய்விடும். அப்புறம் கவையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒருமுறை, காதுத் துளைக்கு நேரே ஒருமுறை வைத்து ஒப்பிட்டார். வலது பக்கம் எலும்பில் வைத்ததுதான் உரக்கக் கேட்டது. அடைப்பு என்பது உறுதியானது.

அப்பாவுக்கு அவர் விளக்கிய விதத்தை மறக்க மாட்டேன். "ஐயா, மில்லில் பெல்ட் வழுக்கினாலும் மெஷின் ஓடாது, மோட்டார் எரிந்தாலும் ஓடாது. பெல்ட்டைச் சரிசெய்யலாம். மோட்டார் கதை வேறு. உங்கள் வலது காதில் பெல்ட் கோளாறு நிச்சயம் இருக்கிறது. மோட்டாரும் தேய்ந்திருக்கிறதா என்பதைப் பெல்ட்டைச் சரிசெய்த பிறகுதான் பார்க்க முடியும்." அதுவரை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எந்தச் சோதனைக்கும் அவர் முணுமுணுக்கவில்லை.

உறிஞ்சு குழாயால் படிவத்தை எடுத்தார்கள். பூஞ்சைக்கான சொட்டு மருந்து தந்தார்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்து, காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. அரிப்பு சீக்கிரமே அடங்கியது. அடைப்பும் போயிற்று. இரைச்சல் குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை.

மறுமுறை போனபோது காத்திருப்பு பெஞ்சில் கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். ஒருநாள் காலையில் எழுந்தபோது ஒரு காது பட்டென்று அடைத்துவிட்டதாம். சளியாக இருக்கும் என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பொறுத்திருக்கிறார். உள்ளே போய் வந்தவர் கண் கலங்கியிருந்தார். உள்காது நரம்பில் திடீர் இழப்பு. மருத்துவரிடம் பிறகு கேட்டேன். மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரநிலை; ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும் என்றார். வலி இல்லாததால் யாரும் பதறுவதில்லை. இந்த ஒன்றை மட்டுமாவது படிப்பவர்கள் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். நாற்றமடிக்கும் சீழ், ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் இரைச்சல், காதில் ஒன்றும் இல்லாமலே பெரியவர்களுக்குத் தொடரும் காது வலி ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை. காது வலியின் வேர் பல்லிலோ தாடை மூட்டிலோ தொண்டையிலோகூட இருக்கலாம்.

செவித்திறன் சோதனையைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டோம். முதலில் ரப்பர் முனை ஒன்றைக் காதில் பொருத்தி, காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்த்தார்கள். ஒரு நிமிட வேலை. வரைபடத்தில் கூரான முகடு வந்தது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் அது தட்டைக் கோடாக வருமாம்.

பிறகு ஒலி புகாத சிறிய அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்டாலும் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தாழ்ந்த சுருதிகளுக்கு அப்பாவின் கட்டைவிரல் சட்சட்டென்று அழுத்தியது. சுருதி ஏற ஏற விரல் தயங்கியது. சுருதியை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். 4000 ஹெர்ட்ஸ் வந்தபோது, சோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பெண் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பொத்தான் மேல் வைத்தபடி காத்திருக்கிறார், கேட்கவே இல்லை. பேரிங் முனகலைப் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடித்த மனிதர் அவர். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடத் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. மேலே இருந்தால் நல்ல செவி. கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். ஒலியின் உரப்பை டெசிபெல் என்ற அலகில் அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு 25 டெசிபெல் வரை இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் கோடு தாழ்ந்த சுருதிகளில் ஏறக்குறைய இயல்பாகத் தொடங்கி, 2000-க்குப் பிறகு சரிந்து, 4000-இல் 75 டெசிபெல்லுக்குக் குழி விழுந்து, 8000-இல் சற்றே மேலேறியது. இரண்டு காதுக்கும் ஒரே சாயல். சராசரி இழப்பு வலதில் 45, இடதில் 43. வயதால் மட்டும் வரும் இழப்பு 8000 வரை இறங்கிக்கொண்டே போகும். 4000-ஐ ஒட்டி விழும் குழி இயந்திரச் சத்தத்தின் முத்திரை என்றார்கள். அப்பாவிடம் இரண்டும் கலந்திருந்தன. 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு எல்லை. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. மில்லில் அப்பா வைத்துக்கொண்ட வெறும் பஞ்சு இதற்கு ஒரு காப்பே இல்லை.

அதே அறையில் பேச்சுச் சோதனையும் நடந்தது. வாய் தெரியாதபடி மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்வார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா பல சொற்களில் தடுமாறினார். கடை, சடை, தடை, படை, வடை எல்லாவற்றிலும் அகரமும் ஐகாரமும் தெளிவாகக் காதில் விழுகின்றன. சொல்லைப் பிரித்துக்காட்டும் முதல் எழுத்தின் மெய்யொலி பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருப்பதால் தப்பிவிடுகிறது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்று அவர் இத்தனை நாளாகச் சொல்லிவந்தது இதைத்தான். கத்தினால் உயிரொலிதான் இன்னும் உரக்கும், மெய்யொலி தெளிவாகாது. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுங்கள் என்றார்கள்.

துணைக்கு வந்த அம்மா, படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் உலகமே சுற்றுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ரத்தக் கொதிப்பு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மருத்துவர் அம்மாவைச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணசைவைப் பார்த்தார். உள்காதுச் சுண்ணத் துகள்கள் இடம் பெயர்ந்ததால் வரும் தலைச்சுற்றல் அது. தலையைச் சில நிலைகளில் திருப்பித் திருப்பி வைத்தே சரிசெய்துவிட்டார். மாத்திரைகூட எழுதவில்லை.

அப்பாவின் நரம்பிழப்புக்கு மருந்தோ அறுவையோ கிடையாது, கருவிதான் வழி. இப்போது ஆடியோகிராமைப் பார்த்து, செவித்திறன் குறைந்திருக்கும் உயர்ந்த சுருதிகளை மட்டும் கூட்டித் தரும்படி அமைத்த கருவிகளை இரண்டு காதிலும் அணிகிறார். முதல் நாட்களில் பாத்திரச் சத்தம் மண்டையைத் துளைக்கிறது என்றார். பழக வாரங்கள் ஆயின. திரும்பத் திரும்பப் போய் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது; அதைச் செய்து தராத இடத்தில் கருவி வாங்குவது வீண் செலவு. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் இன்னமும் சிரமம்தான். ஆத்தங்குடிக் கல் தரை, பளிங்கு போன்ற சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, அதற்குள் நாதஸ்வரமும் நூறு பேர் பேச்சும் எதிரொலிக்கும்போது கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. முகப்புத் திண்ணையில் சுவரோரமாக உட்கார்ந்தால் பேச்சு பிடிபடுகிறது என்று அவரே கண்டுகொண்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை கிடைக்குமா என்றும் விசாரித்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு என்ற வரையறைக்குள் வரும். அப்பா வரவில்லை. அந்த அளவைத் தாண்டியவர்கள் ஆடியோகிராமோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். இலவசக் கருவிக்கும் அங்கே வழி உண்டு.

தம்பி அதே மில்லில் ஃபிட்டராக இருக்கிறான். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னவனை அப்பாவே வற்புறுத்திச் சிவகங்கைக்கு அனுப்பினார். அவன் வரைபடத்திலும் 4000-இல் குழி தொடங்கிவிட்டது, இன்னும் ஆழமில்லை. காதுக்கவசம் போட்டால் பேரிங் சத்தம் தெரியாதே என்று முதலில் மறுத்தான். பேரிங்கைச் சோதிக்கும் சில நிமிடங்களுக்குக் கழற்றிக்கொள், மற்ற நேரமெல்லாம் போட்டுக்கொள் என்று அப்பா சொல்லிவிட்டார். இப்போது கவசத்தோடுதான் வேலை பார்க்கிறான். ஆண்டுதோறும் ஆடியோகிராம் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.